சாலை இரைச்சலும் குருவிப் பாட்டும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை நடைக்கு வருபவர்கள், தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்கள், புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் தந்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பெயர்களில் குழப்பம் வராமல் இருக்க ஒரு குறிப்பு. முராய் என்று நாம் சொல்வது கறுப்பு வெள்ளைக் கரிச்சான். மெர்பா என்பது வாலடியில் மஞ்சள் பூசிய கொண்டைக்குருவி. தெக்குக்கூர் புள்ளிப்புறா, மெர்போக் வரிப்புறா.

1. எங்க வீட்டுப் பக்கம் குருவி தினமும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு. அப்புறம் சத்தத்தால என்ன கெட்டுப் போச்சு?

குருவி பாடுகிறதா என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அந்தப் பாட்டு யார் காதில் விழவேண்டுமோ அவர் காதில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டுக்கு முக்கியமாக இரண்டு வேலைகள்: "இது என் இடம், உள்ளே வராதே" என்று மற்ற ஆணுக்குச் சொல்வது, "நான் இங்கே இருக்கிறேன்" என்று பெண்ணுக்குச் சொல்வது. இவை தவிர ஆபத்தை அறிவிக்கும் குரல், கூட்டத்தைச் சேர்த்து வைக்கும் குரல், குஞ்சு இரை கேட்கும் குரல் எல்லாம் உண்டு.

உங்கள் வேலிக் கதவருகே பாடும் முராய் உங்களுக்கு நன்றாகவே கேட்கும். அது பாடுவதோ நான்கு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இன்னொரு முராய்க்கு. நடுவில் இரைச்சல் அந்தப் பாட்டை விழுங்கிவிட்டால், பாடியும் பாடாததும் ஒன்றுதான். இந்தத் தொகுப்பு முழுவதும் இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: பாட்டு எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது?

2. எந்தச் சத்தம் ரொம்ப மோசம்? லாரியா, மோட்டார்சைக்கிளா, கட்டுமான வேலையா?

காதைப் பிளக்கும் ஒற்றைச் சத்தத்தைவிட, இடைவெளியே இல்லாமல் ஓடும் மிதமான இரைச்சல்தான் பறவைப் பேச்சுக்கு அதிகக் கேடு. கட்டுமான இடத்தில் தூண் அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, அதற்குள் பாட்டின் ஒரு பகுதியாவது தப்பிப் போகும். ஜெலுத்தோங் பக்கம் கடலோரமாக ஓடும் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் வேலை நேரத்தில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

சாலை இரைச்சலின் பெரும்பகுதி 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. மெதுவாகப் போகும் வண்டியில் என்ஜின் சத்தம் மேலோங்கும். சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டயர் தார்ச்சாலையில் உரசும் சத்தம்தான் முன்னுக்கு வரும். ஆகவே வேகமாக ஓடும் சாலையில் எல்லோரும் அமைதியான என்ஜினுக்கு மாறினாலும் இரைச்சல் பெரிதாகக் குறையாது. முதுகில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷின் வேறு வகை. அது உயர்ந்த சுருதிகளிலும் இரைகிறது, அதுவும் பெரும்பாலும் காலை நேரத்தில். சிறு பறவைகளின் பாட்டை அது நேராகவே மூடிவிடும்.

3. டெசிபல்னா சரியாப் புரியல. 60க்கும் 66க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

நம் காதுக்கு அது சின்ன வித்தியாசம், பறவைக்கு நான்கில் மூன்று பங்கு நிலம். திறந்த வெளியில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒலி, தூரம் இருமடங்காகும்போது 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 85 டெசிபல் இருக்கும் பாட்டு 2 மீட்டரில் 79, 4 மீட்டரில் 73, இப்படியே இறங்கி 32 மீட்டரில் 55, 64 மீட்டரில் 49 ஆகும். இலை, சுவர், காற்று தின்பது இதற்கு மேலே.

ஓர் இடத்தில் அந்தப் பாட்டு 64 மீட்டர் வரை கேட்கிறது என்று வையுங்கள். சுற்றிலும் பரப்பைக் கணக்கிட்டால் 3 ஏக்கருக்குச் சற்று அதிகம். இரைச்சல் 6 டெசிபல் ஏறினால் அது 32 மீட்டர், அதாவது சுமார் 0.8 ஏக்கர். இன்னொரு 6 ஏறினால் 16 மீட்டர், 0.2 ஏக்கர். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் பரப்பு கால்வாசியாகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டிகள் வரிசையாக ஓடும் சாலை புள்ளி அல்ல, கோடு. கோட்டிலிருந்து வரும் ஒலி, தூரம் இருமடங்கானால் 3 டெசிபல்தான் குறையும். 10 மீட்டரில் 70 டெசிபல் இருக்கும் சாலை 80 மீட்டரிலும் 61 டெசிபல் இருக்கும். பாட்டு வேகமாகத் தேய்கிறது, இரைச்சல் மெதுவாகத் தேய்கிறது. "நாங்க ரோட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கோம்" என்பது இதனால்தான் முழு ஆறுதல் ஆகாது.

4. நமக்கே கேக்குது, குருவிக்குக் கேக்காதா? அதுக்கு நம்மைவிடக் காது கூர்மைதானே?

இரைச்சலுக்கு நடுவே ஓர் ஒலியைப் பிரித்துக் கேட்பதில் மனிதக் காதுதான் கெட்டி. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டூலிங் பல ஆண்டுகள் பறவைகளின் கேட்கும் திறனைச் சோதித்தவர். அந்தச் சோதனைகளின்படி, இரைச்சலில் ஒரு பறவைக் குரல் சாதாரண மனிதனுக்கு எட்டும் தூரத்தில் ஏறக்குறைய பாதித் தூரம் வரைதான் இன்னொரு பறவைக்கு எட்டும். பறவைகளின் காது 1 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை நன்றாக வேலை செய்கிறது. அதற்கு வெளியே நம் அளவுக்குக் கேட்பதில்லை. ஆந்தைகள் விதிவிலக்கு.

ஆகவே சாலையோரம் நின்று "எனக்கு நல்லாக் கேக்குதே" என்று சொல்வது சரியான அளவுகோல் அல்ல. உங்களுக்கு 60 மீட்டரில் மங்கலாகக் கேட்டால், அங்கே இருக்கும் பறவைக்கு அது கேட்டிருக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

5. அப்போ குருவி என்னதான் பண்ணும்? சும்மா விட்டுடுமா?

விடாது. முதலில் குரலை உயர்த்தும். சத்தமான இடத்தில் நாம் தன்னையறியாமல் கத்திப் பேசுவோமே, அதே பழக்கம். 1911ல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் மனிதர்களிடம் இதைக் கண்டறிந்ததால் லொம்பார் விளைவு என்று பெயர். பெர்லின் நகரத்து நைட்டிங்கேல்கள் இரைச்சலான இடங்களில் கூடுதல் உரத்துப் பாடுவதை ஹென்ரிக் ப்ரூம் 2004ல் அளந்து காட்டினார். வார நாட்களில் உரத்தும், சாலை ஓய்ந்த வாரக் கடைசியில் மெதுவாகவும் பாடின.

இரண்டாவது, சுருதியை ஏற்றும். நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக்குருவிகளைப் பதிவு செய்த ஸ்லாபகோர்ன், பேட் இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையையே கிளப்பிவிட்டது: இரைச்சல் கூடிய இடத்தில் வாழும் குருவியின் பாட்டில் மிகத் தாழ்ந்த சுரம் சற்று மேலே இருந்தது. மூன்றாவது வழி, நேரத்தை மாற்றுவது. இதற்குக் கேள்வி 8ல் வருகிறோம்.

நான்காவது வழியை யாரும் கருவியில்லாமல் பார்க்கலாம். கடைவீட்டுக் கூரையில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி தட்டின் விளிம்பில் வந்து உட்காரும் முராயைக் கவனியுங்கள். வாலைத் தூக்கி, தொண்டையைப் புடைத்து ஓர் அடி பாடும். நிறுத்தித் தலையைச் சாய்க்கும். பதில் வராவிட்டால் அதே அடியை மறுபடி பாடும், பிறகு இன்னும் உயரமான ஏரியலுக்குத் தாவும். உயரம் கூடினால் வண்டி, வேலி, செடி எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டு போகும்.

6. எல்லாக் குருவியும் இப்படிச் சுருதியை மாத்திக்குமா? குயில் மாத்தின மாதிரி தெரியலையே.

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பாட்டைக் கேட்டுக் கற்கும் பறவைகள், கற்காமலே பிறவியில் கொண்டு வரும் பறவைகள் என்று இரண்டு வகை. முராய், மெர்பா, தையல்சிட்டு, தேன்சிட்டு, மாங்குயில், மைனா, காகம் ஆகியவை கற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை. குயில், புறா, மீன்கொத்தி, குக்குறுவான், கோழி ஆகியவை கற்காத கூட்டம். பெயரில் குயில் இருந்தாலும் மாங்குயில் குயிலினம் அல்ல.

இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்த்த குஞ்சு, வளர்ந்ததும் குயிலாகவே கூவுகிறது. சுற்றிக் கேட்ட எதுவும் அதன் பாட்டைத் தொடவில்லை. கற்காத பறவை உரத்துக் கூவலாம், அதிகமுறை கூவலாம், நேரம் மாற்றலாம். ஆனால் பாட்டின் வடிவத்தைத் திருத்தும் வசதி அதற்குக் குறைவு. கற்கும் பறவைக்கு இன்னொரு வசதி உண்டு: இரைச்சலில் வளரும் குஞ்சு, தெளிவாகக் காதில் விழுந்த பாட்டைத்தான் கற்கும். வட அமெரிக்க வெண்முடிச் சிட்டுகளைக் கையில் வளர்த்துச் செய்து 2018ல் வெளியான ஆய்வில், நகர இரைச்சலோடு பாட்டைக் கேட்ட குஞ்சுகள் இரைச்சலில் மூழ்காத பாட்டுகளையே தேர்ந்து கற்றன. தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பாட்டே மாறுவது இப்படித்தான்.

7. சுருதியை ஏத்திட்டா பிரச்சனை தீர்ந்துச்சுதானே?

தீரவில்லை, பல இடங்களில் வேறு பிரச்சினையாக மாறுகிறது. பட்டாணிக்குருவிகளில் தாழ்ந்த சுருதிப் பாட்டைத்தான் பெண்கள் அதிகம் மதிக்கின்றன. 2011ல் ஹால்ஃப்வெர்க் குழு காட்டியது இது: தாழ்ந்து பாடும் ஆணுக்கு இணை நிலைத்து நிற்கிறது. கூட்டுப்பெட்டிக்குள் இரைச்சலைக் கேட்கவிட்டால் அந்தத் தாழ்ந்த பாட்டு பெண்ணுக்கு எட்டுவதில்லை. மேலே ஏற்றினால் எட்டும், ஆனால் கவர்ச்சி குறையும்.

மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே திசையிலும் இல்லை. இங்கிலாந்தில் விமான நிலையம் அருகே வாழும் சிஃப்சாஃப் என்ற சிறு பறவை சுருதியை ஏற்றுவதற்குப் பதிலாக இறக்கிப் பாடியது. ஒலிபெருக்கியில் இன்னொரு ஆணின் பாட்டை ஒலிக்கவிட்டால் கூடுதல் ஆவேசத்தோடு பாய்ந்தது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் பக்கம் பதிவு செய்ய நினைப்பவர்கள் "நகரம் என்றால் உச்சஸ்தாயி" என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு போகக்கூடாது.

8. ராத்திரி மூணு மணிக்கு முராய் பாடுது. தெருவிளக்குக்கா, சத்தத்துக்கா?

பலரும் விளக்கைத்தான் குறை சொல்வார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபின் பறவைகளை வைத்து 2007ல் வெளிவந்த ஆய்வில், இரவில் ராபின் பாடும் இடங்கள் பகலில் அதிக இரைச்சலான இடங்களாக இருந்தன. இரவு வெளிச்சத்தைவிடப் பகல் இரைச்சல்தான் அதை நன்றாக விளக்கியது. பகலில் யாருக்கும் கேட்காததை இரவில் சொல்லிவிடுகின்றன என்று பொருள் கொள்ளலாம். ஸ்பெயினில் விமான நிலையங்கள் அருகே வாழும் பறவைகள், காலை விமானங்கள் கிளம்புவதற்கு முன்பே பாடி முடிக்கும்படி விடியல் பாட்டை முன்னுக்குத் தள்ளியிருந்தன.

உங்கள் தெருவில் எது காரணம் என்று பார்க்க ஒரு வழி: பகலில் அமைதியாக இருந்து இரவில் விளக்கு எரியும் சந்து ஒன்றையும், பகலில் இரைந்து இரவில் இருட்டான இடம் ஒன்றையும் தேர்ந்து, பத்து இரவுகள் ஒரே நேரத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

9. காலைல கேக்க எது நல்ல நேரம்? பள்ளிக்கூட நேரத்துல ஒண்ணுமே காதுல விழல.

இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் பினாங்கில் சூரியன் எழும்போது மணி 7ஐத் தாண்டிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் 7.30 ஆகிவிடும். பறவைக்குக் கடிகாரம் கிடையாது, வெளிச்சம்தான். நமக்கோ பள்ளி 7.30, வேலை 8. ஆக, பறவைகள் மிக மும்முரமாகப் பாடும் அதே ஒரு மணி நேரத்தில்தான் ஊர் முழுக்க வண்டி எடுக்கிறது. சூரியன் 6 மணிக்கு எழும் ஊர்களில் இந்த மோதல் இவ்வளவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை 6.15 முதல் 7.15 வரை கேட்டுப் பாருங்கள். முதலில் முராய், இருட்டு பிரிவதற்குள். வெளிச்சம் வந்ததும் மெர்பா, தையல்சிட்டு. தேன்சிட்டும் மாங்குயிலும் அதற்குப் பிறகு. திங்கட்கிழமை அதே இடத்தில் அதே நேரத்தில் நின்றால், எந்தக் குரல் முதலில் மறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

10. மைனாவும் காக்காவும் தெக்குக்கூரும் மட்டும் எப்படி இவ்வளவு பெருகுது?

மைனாவும் காகமும் கூட்டமாக, அருகருகே வாழ்பவை. சில மீட்டர் தூரத்தில் இருப்பவரோடு பேச இரைச்சல் பெரிய தடை இல்லை. குரலும் கரகரப்பானது, பல சுருதிகளில் பரவியது. ஒரு பகுதி மூழ்கினாலும் மறு பகுதி கேட்கும். அதோடு நம் குப்பை, நம் கூரைப் பொந்து எல்லாம் அவற்றுக்குச் சாதகம்.

புறாக்கள் புதிரானவை. தெக்குக்கூரின் கூவல் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, வண்டி இரைச்சலின் நடுவிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் எரிவாயுக் கிணறுகளைச் சுற்றி நடந்த ஆய்வுகளில், தாழ்ந்த குரல் கொண்ட பெரிய பறவைகள் இரைச்சலைத் தவிர்த்தன, புறாவும் அதில் அடக்கம். நம் ஊரிலோ மின்கம்பிதோறும் தெக்குக்கூர். உணவும் கூடுகட்ட இடமும் தாராளமாக இருந்தால் இரைச்சலின் இழப்பைத் தாங்கிக்கொள்ளும் பறவைகளும் உண்டு என்றுதான் இதை வாசிக்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து "சத்தம் பாதிக்கல" என்று முடிவு செய்வது கேள்வி 1ன் தவறையே திரும்பச் செய்வதாகும்.

11. இவ்வளவு சத்தத்துல குருவிக்குக் காது செவிடாகாதா?

நிரந்தரமாக ஆவது அரிது. காதுக்குள் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் நமக்குச் செத்தால் செத்ததுதான். பறவைக்கு மறுபடி முளைக்கும். 1988ல் இது உறுதியானது. சாலை இரைச்சல் அந்தச் செல்களைக் கொல்லும் அளவுக்குப் போவதும் இல்லை. பறவைக்கு நேர்வது செவிட்டுத்தன்மை அல்ல, மறைப்பு: கேட்க வேண்டிய ஒலியை இரைச்சல் மூடிவிடுவது.

12. கூட்டுல இருக்கிற குஞ்சுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். இங்கிலாந்தின் லண்டி தீவில் ஜெனரேட்டர் இரையும் இடத்தருகே கூடுகட்டிய சிட்டுக்குருவிகளை ஆராய்ந்து 2012ல் வெளியிட்டார்கள். இரைச்சலில் இருந்த தாய்கள் குஞ்சுக்கு இரை கொண்டுவருவது குறைந்திருந்தது. குஞ்சுகள் எடை குறைந்தன, பிழைத்து அடுத்த தலைமுறையானவையும் குறைவு. பசியில் கத்தும் குஞ்சின் குரல் தாய்க்குச் சரியாக எட்டவில்லை என்பது முக்கியமான விளக்கம்.

மறுபக்கமும் உண்டு. காகமோ பருந்தோ வரும்போது தாய் எழுப்பும் அபாயக் குரல் கேட்டால் குஞ்சு வாயை மூடிப் பதுங்கும். அது கேட்காவிட்டால் கத்திக்கொண்டே இருந்து காட்டிக்கொடுக்கும். ஏர்கான் வெளிப்பெட்டிக்குப் பின்னால் குருவி கூடு கட்டியிருப்பதை நம் அடுக்குமாடிகளில் அடிக்கடி பார்க்கலாம். அங்கே கட்டுவது பெரும்பாலும் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்த மரச்சிட்டு. வெயில், மழைக்கு அது நல்ல இடம், காதுக்கு மோசமான இடம்.

13. ரோடுன்னா புகை, வெளிச்சம், மரம் வெட்டுறது எல்லாம் சேர்ந்துதான் வரும். சத்தம்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து வண்டிச் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். புகையில்லை, வெளிச்சமில்லை, ஒரு மரம்கூட வெட்டவில்லை. வலசைக் காலத்தில் சில நாட்கள் ஒலிப்பது, சில நாட்கள் நிறுத்துவது என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். ஒலித்த நாட்களில் பறவைகளின் எண்ணிக்கை கால்வாசிக்கு மேல் குறைந்தது. சில இனங்கள் ஏறக்குறைய முழுதாக ஒதுங்கின.

2015ல் அதன் அடுத்த கட்டம் வந்தது. ஒதுங்காமல் தங்கிய பறவைகளும் உடல் தேறவில்லை. காதால் கேட்க முடியாததைக் கண்ணால் ஈடுகட்ட வேண்டியிருந்ததால் தலை நிமிர்த்திச் சுற்றும் பார்க்கும் நேரம் கூடி, தலை குனிந்து இரை எடுக்கும் நேரம் குறைந்தது. வலசையில் இது சின்ன இழப்பு அல்ல.

14. எம்சிஓ சமயத்துல குருவி எல்லாம் சத்தமாப் பாடிச்சே?

2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. நடந்தது நேர்மாறாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சான் பிரான்சிஸ்கோவில் அதே வசந்தத்தில் வெண்முடிச் சிட்டுகளைப் பதிவு செய்த டெரிபெரி குழு, அவை முன்னைவிட மெதுவாகப் பாடியதைக் கண்டது. இரைச்சல் 1950களின் அளவுக்கு இறங்கியிருந்ததால், மெதுவாகப் பாடியும் பாட்டு இருமடங்கு தூரம் போனது. கத்த வேண்டிய தேவை போனதும் தாழ்ந்த சுரங்களும் திரும்பி வந்தன. கேள்வி 3ன் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: தூரம் இருமடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு.

15. காட்டுல மட்டும் சத்தம் இல்லையா? தண்ணீர்மலை அருவி, சில்வண்டு எல்லாம் இரைச்சல்தானே?

இரைச்சல்தான். பினாங்குக் கொடிமலையில் சில்வண்டு கூட்டமாக இரையும்போது பறவைகள் அடங்கிப் போவதைக் கேட்கலாம். கோஸ்டாரிகா மழைக்காட்டில் இதை அளந்திருக்கிறார்கள்: சில்வண்டின் சுருதியோடு மோதும் பறவைகள் அது தொடங்கியதும் நிறுத்திவிட்டன. ஆனால் சில்வண்டு நேரம் தவறாமல் தொடங்கி நேரத்துக்கு ஓயும். அருவி இடம் மாறுவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அவற்றுக்கு ஏற்பப் பாட்டும் நேரமும் அமைந்துவிட்டன. விரைவுச்சாலை ஒரு பறவைத் தலைமுறைக்குள் வந்துவிடுகிறது.

16. வாலிட் வீட்டு ஸ்பீக்கர் நாள் முழுக்க டிக்டிக்னு கத்துது. அது மத்தக் குருவியைப் பாதிக்காதா?

கூட்டுக்காக வளர்க்கும் வாலிட், உழவாரன் குடும்பம். இருட்டில் பறக்கும்போது 'டிக்டிக்' என்று ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் வழி கண்டுபிடிக்கும். வௌவால் எழுப்பும் ஒலி பெரும்பாலும் நமக்குக் கேட்காது, வாலிட்டின் ஒலி நன்றாகவே கேட்கும். கட்டடத்தின் நுழைவாயிலில் பொருத்தும் ஒலிபெருக்கி அந்தக் குரல்களைத்தான் ஒலிக்கிறது. சாலை இரைச்சல் தொடாமல் விட்டுவைத்த உயர்ந்த சுருதிப் பகுதியை, அதாவது தேன்சிட்டும் தையல்சிட்டும் பாடும் இடத்தை, இது பிடித்துக்கொள்கிறது. உயர்ந்த சுருதி காற்றிலும் சுவரிலும் சீக்கிரம் தேய்வதால் பாதிப்பு அந்தச் சந்தோடு நிற்கும். இரைச்சலான சாலையும் வாலிட் வீடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சிறு பறவைக்குத் தாழ்ந்த சுருதியும் இல்லை, உயர்ந்த சுருதியும் இல்லை.

17. மெர்போக் கூண்டை ரோட்டோரமா மாட்டினா அதோட பாட்டு கெட்டுப்போகுமா?

மெர்போக் புறா இனம், பாட்டைக் கற்பதில்லை (கேள்வி 6). ஆகவே கெட்ட பாட்டைக் கற்றுக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். நல்ல குரலுள்ள பறவையின் பக்கத்தில் மாட்டினால் அதைப் பார்த்துக் கற்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. பக்கத்தில் ஒன்று கூவினால் இதுவும் பதிலுக்கு அடிக்கடி கூவும், அவ்வளவுதான். மன அழுத்தம் வேறு விஷயம். ஓயாத இரைச்சலில் கூண்டுப் பறவைக்கு ஒதுங்கிப் போக வழியே இல்லை. கற்கும் இனமான முராயை இளமையில் இரைச்சலில் வைத்தால் பாட்டே குறைபடும்.

18. தைப்பூசம், சீனப் பெருநாள் பட்டாசு?

ஓர் இரவுச் சத்தத்தால் பாட்டு மாறாது. பட்டாசு வேறு வகைக் கேடு, அது பயம். நெதர்லாந்தில் புத்தாண்டு இரவில் ரேடாரில் பார்த்தபோது ஆயிரக்கணக்கான பறவைகள் வெடித்த சில நிமிடங்களில் கிளம்பி 500 மீட்டர் உயரம் வரை ஏறின. பறவைகள் அடையும் மரங்களுக்குப் பக்கத்தில் வெடிக்காமல் இருப்பது எல்லோராலும் முடிந்த காரியம்.

19. கைப்பேசியில பதிவு பண்ணி நாமே ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், ஒழுங்காகச் செய்தால். வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம், அது பேச்சுக்காகச் சுருக்கப்படுவதால் உச்ச ஒலிகள் வெட்டுப்படும். செயலியில் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது அமைதியான இடத்தில் ஒலியைக் கூட்டிவிடும், பிறகு இரண்டு பதிவுகளையும் ஒப்பிடவே முடியாது. விமானப் பயன்முறையில் போட்டு, மைக் துளையைப் பறவை பக்கம் திருப்பி, 10 முதல் 15 மீட்டர் தூரத்தில் நின்று 3 நிமிடம் பதியுங்கள். விரல் அசைந்தாலும் உரசல் விழும். முடிவில் இடம், நேரம், வானிலை, தூரம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுங்கள், பிறகு தேட வேண்டியிருக்காது.

இரைச்சலைத் தனியாக, பறவை பாடாத ஒரு நிமிடத்தில் அளக்க வேண்டும். உச்ச அளவைப் பார்க்காமல் சராசரியை எடுங்கள். கைப்பேசி காட்டும் எண்ணில் சில டெசிபல் பிழை இருக்கும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே கைப்பேசியில் அளக்க வேண்டும். ஒரே இடம், ஒரே நேரம், வார நாள் ஐந்து, ஞாயிறு ஐந்து என்பது குறைந்தபட்சம். மழைக்கு மறுநாள் பதிவு செய்யாமல் விடுங்கள். பெருநாள் விடுமுறையைச் சேர்க்கும்போது கவனம்: சீனப் பெருநாளுக்குக் கோலாலம்பூர் காலியாகும்போது பினாங்கு நிரம்பிவிடும். பறவையை வரவழைக்க அதன் பாட்டை ஒலிக்கவிடக்கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று அது பாடும் பாட்டு அதன் வழக்கமான பாட்டு அல்ல.

20. ஸ்பெக்ட்ரோகிராம்ல பார்த்தா ரோட்டோரப் பாட்டு மேலயிருந்துதான் ஆரம்பிக்குது. சுருதி ஏறிடுச்சுன்னு எழுதலாமா?

இதில் அனுபவசாலிகளே சறுக்கியிருக்கிறார்கள். ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியைப் படமாகக் காட்டுவது: தாழ்ந்த சுருதி கீழே, உயர்ந்தது மேலே. அந்த ஒலிப்படத்தின் அடிப்பகுதியில் சாலை இரைச்சல் கறுப்பாகப் படிந்திருக்கும். பாட்டின் தாழ்ந்த சுரங்கள் அதற்குள் புதைந்துவிடும். கண்ணால் பார்த்துக் கோடு போட்டால், புதைந்தது போக மிச்சம் தெரியும் இடத்தைத்தான் "தொடக்கம்" என்று குறிப்போம். பறவை எதையும் மாற்றாமலே சுருதி ஏறியது போலத் தோன்றும்.

தவிர்க்க வழி இருக்கிறது. பாட்டின் மிக உரத்த புள்ளியை எடுத்து, அதிலிருந்து குறிப்பிட்ட டெசிபல், உதாரணத்துக்கு 20, இறங்கும் இடத்தைத் தாழ்ந்த எல்லையாக வையுங்கள். இரைச்சல் அந்த அளவுக்கு மேல் இருக்கும் பதிவுகளை ஒதுக்கிவிடுங்கள், நகரப் பதிவு, அமைதிப் பதிவு இரண்டுக்கும் ஒரே விதி. இன்னொரு சந்தேகத்தையும் மனத்தில் வையுங்கள்: உரத்துப் பாடினாலே சில இனங்களில் சுருதி தானாகக் கொஞ்சம் ஏறும், நாம் கத்தும்போது குரல் மேலே போவது போல. அப்படியென்றால் சுருதி ஏற்றம் பறவையின் உத்தி அல்ல, கத்தலின் பக்கவிளைவு.

21. நாங்க தாமான்ல என்ன செய்யலாம்?

முதலில் பலன் தராததைச் சொல்லிவிடுகிறோம். வேலியோரம் ஒரு வரிசைச் செடி இரைச்சலைத் தடுக்காது. அடர்ந்த மரத்தொகுதி ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் இருந்தால்தான் சுமார் 5 டெசிபல் குறையும். சாலை கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கும் கெட்டிச் சுவர் அதே 5 டெசிபலைக் கொஞ்ச இடத்திலேயே தரும். வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும், அதனால் வேகத்தைக் குறைப்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செடி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கூடும் உணவும் அதில்தான், சுவர் அவற்றைத் தராது.

தாமான் அளவில் உடனே பலிப்பது நேரம்தான். குடியிருப்போர் சங்கம் அல்லது ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல் குழு) வழியாக, புல் வெட்டும் வேலையையும் இலை ஊதும் மெஷினையும் காலை 10 மணிக்கு மேல் வைக்கும்படி பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கோ குத்தகையாளருக்கோ எழுதுங்கள். செலவே இல்லாத கோரிக்கை இது. எழுதும்போது இரைச்சல் அளவு, நேரம், எந்தப் பறவை எந்தச் சுவரில் பாடுகிறது என்று கேள்வி 19ன்படி எடுத்த பத்து நாள் குறிப்பை இணைத்துவிடுங்கள். புதிதாகக் கூட்டுப்பெட்டி மாட்டுபவர்கள் சாலைப் பக்கத்தை விட்டு வீட்டின் பின்பக்கச் சுவரில், ஏர்கான் பெட்டிக்கு எதிர்ப்புறமாக மாட்டுங்கள். வீடே நடுவில் சுவராக நிற்கும்.